பதினேழு வரை எண்ணினோம்

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்து மணி. அஜ்மானில் நாங்கள் வழக்கமாகக் கூடும் கஃபெட்டீரியாவின் வாசலில் மூன்று பிளாஸ்டிக் மேசைகளை இழுத்து ஒன்றாகப் போட்டு உட்கார்ந்திருந்தோம். பதினோரு பேர். ஆளுக்கொரு கரக் சாய், ஏலக்காய் போட்ட கெட்டிப் பால் தேநீர். எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல டி-ஷர்ட். நெஞ்சில் வெள்ளையில், பெரிதாக — 17.

ஒரு பெண் வந்து நின்றார். முப்பது வயது இருக்கலாம். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"இங்க... ரக்பி மேட்ச்ல எண்ணுறவங்க நீங்கதானா?"

எங்கள் முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! யாரோ ஆட்டோகிராஃப் கேட்டு வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"நாங்களேதான் அக்கா! பாத்தீங்களாண்ணே, தேடி வர ஆரம்பிச்சுட்டாங்க" என்றான் முத்துக்குமார்.

வந்தவர் சிரிக்கவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு எங்களைத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடக் கதை.

இலங்கைக்காரர்களுக்கு, அதிலும் மலையகத்துக்காரர்களுக்கு, ரக்பி என்றால் பைத்தியம். ஊரில் ஆடுவது பதினைந்து பேர் ஆட்டம். இங்கே வளைகுடாவில் ஒரே நாளில் பதினைந்து பேருக்கு லீவு வாங்குவது கடவுளாலும் ஆகாத காரியம். ஆகவே நாங்கள் பிடித்துக்கொண்டது பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். இரண்டு சூப்பர்வைசர்களிடம் கெஞ்சுவது மிச்சம்! சட்டமும் சுலபம். பந்தோடு ஓடுகிறவனை ஆறு தடவை மடக்கி வீழ்த்திவிட்டால் பந்து எதிரணிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 'ட்ரை'. நாலு பாயிண்ட்.

எங்கள் அணி அஜ்மான். பரம எதிரி ஷார்ஜா. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு ரோடுதான். ரூம் இங்கே, டியூட்டி அங்கே என்று இருப்பவர்கள் பாதிப்பேர். ஒரே பஸ்ஸில் தொங்குவோம், ஒரே கடையில் பரோட்டா வாங்குவோம். ஆனால் மேட்ச் வாரம் வந்துவிட்டால் பேச்சுவார்த்தை கலாஸ், முடிந்தது!

எங்கள் ரசிகர் கூட்டத்தின் தலைவர் யோகன் அண்ணை. யாழ்ப்பாணம். ஏ.சி. மெக்கானிக். தலைவர் பதவி அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டது. அடுத்து முத்துக்குமார். புதுக்கோட்டைப் பக்கம். சைட்டில் சாரம் கட்டும் வேலை. ரக்பியை இரண்டே நிமிடத்தில் புரிந்துகொண்டவன். "இது நம்ம கபடிதாண்ணே. மூச்சு மட்டும் விட்டுக்கலாம்." அப்புறம் நான். ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாகுமென்ட் கண்ட்ரோலர். எதைக் கண்டாலும் ஃபைல் போட்டு வைக்கிற வியாதி எனக்கு.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எதிரணிக்காரன் அடிபட்டு விழுந்தால் எண்ணுவோம். ரூமில் தண்ணீர் வைக்கும் பெரிய நீலக் கேன் இருக்கிறதே, அது காலியாக ஒன்று முத்துக்குமாரிடம் இருக்கும். அவன் தட்டத் தட்ட, விழுந்தவன் எழுந்து நிற்கும்வரை குத்துச்சண்டை மாதிரி எண்ணுவோம். யாழ்ப்பாணம் 'ஒண்டு' என்று தொடங்கும். மலையகமும் புதுக்கோட்டையும் 'ஒண்ணு' என்று தொடங்கும். மூண்டு, மூணு என்று அடித்துக்கொள்ளும். நாலிலிருந்துதான் எல்லோருக்கும் ஒரே எண். அதற்குமேல் சத்தம் ஒன்றாகும். மைதானம் அதிரும்.

அதனால், விழுகிற ஒவ்வொருவனும் நாலைத் தாண்ட வேண்டும் என்று ஆசைப்படுவோம். உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் ரெக்கார்ட் பதினேழு. மூன்று வருடத்துக்கு முன்னால். விழுந்தவரை நாங்கள் லொறி என்போம், லாரியேதான். ஷார்ஜாவின் முன்வரிசை ஆள். பந்தை வாங்கி, வழி தேடாமல், எதிரே சுவர் மாதிரி நிற்கிறவர்கள்மேல் நேராகப் போய் மோதுவதுதான் அவர் வேலை. அந்தப் பதினேழை டி-ஷர்ட்டில் அடித்தோம். வாட்ஸ்அப் குரூப்புக்குப் பெயராக வைத்தோம். நான் இதே பத்தியில் எழுதினேன். எழுந்து நின்ற லொறி தன் அணியை விட்டுவிட்டு எங்கள் அணியோடு வந்து வரிசையில் நின்றதை — 'ஒருவழியாக லொறிக்கும் புத்தி வந்து அஜ்மானுக்கே குடிவந்துவிட்டது' என்று.

எத்தனை கடிதங்கள்! சிரித்து வயிறு வலித்தது என்று எழுதியவர்கள் நீங்கள்தானே?

சரி. கஃபெட்டீரியாவுக்கு வருவோம்.

"இருங்கோ தங்கச்சி." யோகன் அண்ணை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "எந்தப் பக்கம்? அஜ்மானோ, ஷார்ஜாவோ? ஷார்ஜா எண்டால் சாய் இல்லை, இப்பவே சொல்லிப்போட்டன்!"

"ஷார்ஜாதான் அண்ணா. எங்க வீட்டுக்காரர் மோகன்ராஜ். உங்களுக்கு நல்லாத் தெரியும்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மோகன்ராஜா? யாரது?

"லொறின்னு சொல்வீங்களாம்."

மேசையே எழுந்து நின்றது. "அட, நம்ம லொறி வீட்டம்மாவா! பாய், ஒரு கரக்!" ஆறு சீசனாக அந்த மனிதர் விழவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம். பெயர் தெரிந்தது அன்றைக்குத்தான்.

"ரெண்டு சீசனா ஆளைக் காணேல்லையே? ஊருக்குப் போட்டாரோ எண்டு நினைச்சம்" என்றார் யோகன் அண்ணை.

"இங்கதான் இருக்காரு. இனி விளையாட மாட்டேன்னு எங்கிட்டச் சொல்லி விட்டுட்டாரு."

வந்தவர் பெயர் கோமதி. ஊர் ஹட்டன் பக்கம். ஷார்ஜாவில் ஒரு நர்சரியில் ஆயா வேலை. சாயைத் தொடவில்லை. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அவரு ஸ்டாஃப் பஸ் ஓட்டுறாரு. போன மாசம் ஒருநாள் காலையில முப்பது பேரை ஏத்திக்கிட்டுப் போயி, ஒரு எடத்துல நிப்பாட்டி, கதவத் தொறந்து எறங்குங்கன்னு சொல்லியிருக்காரு. யாரும் எறங்கல. வெறும் மணலு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி அங்க ஒரு சைட் இருந்துச்சாம். வேலை முடிஞ்சு எல்லாத்தையும் பிரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. இவரு 'எறங்குங்க, டைமாச்சு'ன்னு நிக்கிறாரு."

முத்துக்குமார் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தான்.

"பஸ்ஸுல இருந்த ஒரு அண்ணன்தான் மெதுவாப் பேசி வண்டியைத் திருப்ப வச்சிருக்காரு. கம்பெனில யாருக்கும் இன்னும் தெரியாது. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கேட்டாரு... தலையில எத்தனை தடவை அடிபட்டுச்சு, எவ்வளவு நேரம் நினைவில்லாமக் கெடந்தீங்க, அதுக்கப்புறம் விளையாடினீங்களா. இவரு 'ஒண்ணு ரெண்டு தடவ, லைட்டா'ங்கிறாரு. பொய் சொல்றாரோன்னு பார்த்தேன். இல்லண்ணா. அவருக்கு ஞாபகமே இல்ல. விழுந்து கெடந்தவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"அவங்கட டீம் ஆக்களைக் கேட்டுப் பாக்கேல்லையோ?" என்றார் யோகன் அண்ணை.

"பாதிப்பேரு விசா முடிஞ்சு போயிட்டாங்க. பழைய கேப்டன் இப்ப சவூதியில, ஜுபைல்ல இருக்காரு. போன் பண்ணினேன். 'ஒண்ணுமில்ல அக்கா, லொறி விழுந்தா எழும்பிருவான்'ங்கிறாரு. எழும்பினது எனக்கும் தெரியும். எழும்புறதுக்கு முந்தி எவ்வளவு நேரம்? அதைக் கேட்டா லைன் சரியில்லன்னு வச்சிட்டாரு."

கோமதி ஃபைலைத் திறந்தார்.

"அப்புறம் ஒருத்தர் சொன்னாரு. அஜ்மான் ஆளுங்க எண்ணுவாங்க, அவங்களுக்குத்தான் தெரியும்னு."

ஃபைலில் ஐந்து தாள்கள். ஒவ்வொன்றின் மேலேயும் ஒரு கரடிக்குட்டி படம்.

"எங்க நர்சரியில புள்ளைங்க விழுந்தா இதை எழுதணும். எத்தனை மணிக்கு, எங்க அடி, எவ்வளவு நேரம் அழுதுச்சு, யாரு பார்த்தது, அப்புறம் விளையாட விட்டோமா... சின்னதாக் கீறினாக்கூட எழுதி, அம்மாகிட்டக் கையெழுத்து வாங்கணும். டாக்டர் கேட்டது பூராம் இதுல இருக்கு. அதான் மேடத்துகிட்டக் கேட்டு அஞ்சு எடுத்தாந்தேன்."

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

நாங்கள் உற்சாகமாகிவிட்டோம்.

ஆமாம். சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டு நிமிடம் முன்புதான் அந்த மணல்வெளி பஸ்ஸைக் கேட்டு வாயடைத்துப் போனவர்கள். ஆனால் ஒரு ரசிகனிடம் போய்ப் பழைய மேட்சைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்... அவனை யாராலும் நிறுத்த முடியாது.

"முதல் சீசன். மழை பெய்த நாள்..." என்று யோகன் அண்ணை ஆரம்பித்தார்.

"மழை எங்கண்ணே பெஞ்சுச்சு? மணல்காத்து. நீங்க மூஞ்சில துண்டைக் கட்டிக்கிட்டு நின்னீங்க."

"ஓமடா, மணல்காத்து! இடது கரையிலை ரெண்டு பேர் சேர்த்து அடிச்சவங்கள். தலை குத்த விழுந்தவர். ஆறு."

"ஏழு."

"ஆறடா! ஏழுக்கு நான் வாயைத் திறக்கேக்கை ஆள் எழும்பிட்டுது."

கோமதி எழுதினார். ஆறு.

"ரெண்டாவது, அவரு குனிஞ்சு பந்தை எடுக்கையில நம்மாளோட முட்டிக்கால் பொட்டுல பட்டுச்சே, அது! ஒம்பது. நான் தட்டின தட்டுல கேன் கீறல் விட்டுருச்சு."

ஒன்பது. அடுத்து, போஸ்ட்டில் மோதியது — ஐந்து. ஒருவர் சொல்ல ஒருவர் திருத்த, மேசை களைகட்டிவிட்டது. கோமதி ஒவ்வொரு ஃபார்மிலும் கரடிக்குட்டிக்குக் கீழே அழகான கையெழுத்தில் நிரப்பிக்கொண்டே வந்தார்.

நான் சும்மா இருந்தேனா? எனக்கு ஃபைல் வியாதி! போனைத் திறந்து பழைய குறிப்புகளைத் தேடி எடுத்தேன்.

"நோன்புக்கு முந்தின மேட்சை விட்டுட்டீங்கள்! அதிலை ஒரே நாளிலை ரெண்டு தரம்! முதல் பாதியிலை எட்டு, ரெண்டாம் பாதியிலை பதினொண்டு!"

பரீட்சையில் யாருக்கும் தெரியாத விடையை எழுதியவன் குரலில் சொன்னேன்.

கோமதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒரே நாள்லயா?"

அப்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"ஓம்" என்றேன்.

நாலாவது ஃபார்ம், எட்டு. ஐந்தாவது ஃபார்ம், பதினொன்று. தீர்ந்துவிட்டது. பதினேழை இன்னும் யாரும் சொல்லவில்லை.

கோமதி ஃபார்ம்களை அடுக்கினார். அப்புறம் எங்களை வரிசையாகப் பார்த்தார்.

"எல்லாரும் பதினேழுன்னு போட்டிருக்கீங்களே... அது என்ன?"

முத்துக்குமார் கீழே கிடந்த கேனை எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டான். ஒருவர் கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டினார். அப்புறம் இன்னொருவர். கடைசியில் நான் பேசினேன்.

"அது... ஒரு டீமிலை மாற்று ஆக்களையும் சேர்த்துப் பதினேழு பேர் அக்கா."

உண்மைதான். சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இவ்வளவு சுத்தமான பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

"இல்லை தங்கச்சி" என்றார் யோகன் அண்ணை. கேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது உங்கட மனிசன்தான்."

கோமதி கடைசி ஃபார்மைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்தார். பேனாவை எடுத்தவர், எழுதாமல் நிறுத்தினார்.

"எப்படி எண்ணுவீங்க? வேகமாவா, மெதுவாவா?"

"ஏனக்கா?"

"டாக்டர் எத்தனை செகண்டுன்னுதான் கேட்டாரு." தன் போனை எடுத்து ஸ்டாப்வாட்சைத் திறந்து மேசையில் வைத்தார். "அன்னைக்கு எண்ணின மாதிரியே ஒருக்கா எண்ணிக் காட்டுங்க."

வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கு உரிமை இருந்தது?

முத்துக்குமார் கேனில் தட்டினான். டொம். ஒண்டு. ஒண்ணு. டொம். ரெண்டு. யாரோ இருமினார். மூண்டு. மூணு. டொம். நாலு... நாலில் எல்லோரும் சேர்ந்துகொண்டோம், பழக்கதோஷம். ஐந்து. ஆறு. நாங்கள் நீட்டி எண்ணுகிறவர்கள். இழுத்தால்தான் சுவை. ஏ...ழு. எ...ட்டு. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்தில் ஒரு குரல் நின்றது. பன்னிரண்டில் என்னால் முடியவில்லை. பதினான்குக்குமேல் யோகன் அண்ணை மட்டும். பதினேழுக்குக் குரலே இல்லை. கேன் மட்டும் ஒரு தட்டு.

கோமதி ஸ்டாப்வாட்சை நிறுத்தினார்.

"இருபத்தாறு செகண்டு."

எழுதினார்.

இருபத்தாறு வினாடி! நாங்கள் பதினேழு என்றுதான் மூன்று வருடமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தோம்.

"அப்புறம் வெளிய எடுத்தாங்களா?"

"இல்லை."

"எவ்வளவு நேரம் விளையாடினாரு?"

"முடியிற மட்டும். இருவது நிமிஷம் இருக்கும்."

"எப்படி விளையாடினாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதினவன் நான்தானே?

"எழும்பி... எங்கட பக்கம் வந்து நிண்டவர், அக்கா. எங்கட ஆக்களோட."

"ஏன்?"

அவர் கேட்டது அந்த ஒரு சொல்தான். மூன்று வருடம், ஒரு குரூப் முழுக்க ஆட்கள், ஒரு பத்தி, அத்தனை கடிதங்கள் — எங்களில் ஒருவராவது அந்தச் சொல்லைக் கேட்டோமா? அந்த மனிதருக்குத் தான் எந்த அணி என்று தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதைத்தான் நான் நகைச்சுவையாக எழுதியிருக்கிறேன்.

"யாரு பார்த்ததுன்னு ஒரு கட்டம் இருக்கு" என்றார் கோமதி. "யாரு கையெழுத்துப் போடுறீங்க?"

பேனா மேசையைச் சுற்றி வந்தது. பதினோரு பேரும் போட்டோம். அந்தக் கட்டம் ஒரு ஆயாவுக்காக அளந்து வைத்த கட்டம். கையெழுத்துகள் கரடிக்குட்டியின் மேலேயும் ஏறிவிட்டன.

அடுத்து நடந்தது வேகமாக நடந்தது. டாக்டர் ஃபார்ம்களைப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தாராம். ஸ்கேன். இன்னொரு டாக்டர். பஸ் மட்டுமல்ல, எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வண்டி ஓட்ட முடியாத டிரைவரை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? விசா கேன்சல். மாதக் கடைசியில் இரண்டு பேரும் ஊருக்கு.

குரூப்பில் சண்டை வந்தது. வராமல் இருக்குமா?

"ஒண்ணு ரெண்டு தடவன்னு அவரே சொல்லிட்டாருல்ல. நாமளும் அதையே சொல்லியிருந்தா அந்த மனுசன் வேலை தப்பிச்சிருக்கும்ண்ணே. பேச்சுவாக்குல நாமதான் முடிச்சு விட்டுட்டோம்" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டான் முத்துக்குமார்.

"முப்பது சனம் இருக்கிற பஸ்சடா அது" என்று யோகன் அண்ணையிடமிருந்து பதில். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "ஆனா அவரை முடிச்சது இப்ப இல்லை. அண்டைக்கு. எண்ணுறதை விட்டிட்டு ஒருத்தன் உள்ளுக்கு ஓடியிருக்கலாம்."

மறுநாள் காலையில் குரூப்பின் பெயரை யாரோ மாற்றியிருந்தார்கள். வெறும் 'அஜ்மான்'.

போன சனிக்கிழமை இந்த வருடத்து மேட்ச். அஜ்மான் – ஷார்ஜா. நீல டி-ஷர்ட்டை ஒருவரும் போடவில்லை. முத்துக்குமார் மட்டும் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டு வந்திருந்தான். "தொவச்சது இது ஒண்ணுதாண்ணே இருந்துச்சு." எண் திருப்பிப் போட்டும் லேசாகத் தெரிந்தது. கேனை நிமிர்த்தி வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

லொறி வந்திருந்தார். மன்னிக்கவும், மோகன்ராஜ். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. வெளிச்சம் ஆகாதாம். ஷார்ஜா அணியில் இப்போது முழுக்கப் புதுப் பையன்கள். அவரை யாரென்றே தெரியாது. அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். மைதானத்தில் அவரை அடையாளம் கண்டவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அவர் கேனைக் கண்டுகொண்டார்.

"இந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கு தம்பி" என்றார். "எங்கேயோ தூரத்துல தண்ணிக்கு அடியில எண்ணுற மாதிரி கேக்கும். யாரோ விழுந்துட்டான் போல, பாவம்னு நினைச்சுக்குவேன்."

சிரித்தார். நல்ல சிரிப்பு. கோமதி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாதியில் எங்கள் பையன் ஒருவன் அடிபட்டு விழுந்தான். மல்லாக்க. கை கால் அசையவில்லை. எங்கும் ஒரு சத்தம் இல்லை. அந்த மைதானத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. பக்கத்து ரோட்டில் லாரி ஹாரன் கேட்டது. எனக்குள்ளே மட்டும் நிற்காமல் ஓடியது... மூண்டு, நாலு, ஐந்து...

ஐந்தில் யோகன் அண்ணை கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினார். ஐம்பது வயது மனிதர், செருப்பு ஒரு பக்கம் போக.

"நான் ஓகே அண்ணை, ஓகே" என்று பையன் எழும்பப் பார்த்தான்.

"உன்னை ஆர் கேட்டது? வெளியிலை வா!"

எங்களுக்கு அன்றைக்கு மாற்று ஆள் இல்லை. இருந்த மூன்று பேருக்கும் டியூட்டி. பன்னிரண்டு பேரோடு ஆடினோம். தோற்றோம். கேவலமாகத் தோற்றோம். ஷார்ஜாப் பையன்கள் குதித்துக் குதித்துக் கத்தினார்கள். யோகன் அண்ணை மற்றச் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் கலையும்போது மோகன்ராஜ் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, நீங்கல்லாம் நம்ம மேட்ச் பூராம் பார்த்திருக்கீங்க. கோமதி சொன்னா, எல்லாமே உங்களுக்கு ஞாபகம் இருக்காம்."

"ஓம் அண்ணா."

"நான் எப்பவாச்சும் ட்ரை போட்டிருக்கேனா?"

நான் போனைத் திறந்தேன். என் குறிப்புகள் எல்லாம் இருந்தன. ஆறு, ஒன்பது, ஐந்து, எட்டு, பதினொன்று, பதினேழு. அவற்றில் ட்ரை எங்கே இருக்கிறது? ஸ்கோர்ஷீட்டில் அணியின் மொத்தப் பாயிண்ட்தான் எழுதுவார்கள். யார் போட்டது என்று எழுதுவதில்லை.

"போட்டீங்களேண்ணே! சூப்பர் ட்ரை! மறக்க முடியுமா?" என்றான் முத்துக்குமார்.

"ஓமோம், நாலு பேரை இழுத்துக்கொண்டு போய்!" என்றார் யோகன் அண்ணை.

மோகன்ராஜின் முகம் மலர்ந்தது. "எந்தப் பக்கம்?"

முத்துக்குமார் கை வலது மூலையைக் காட்டியது. அதே நேரம் யோகன் அண்ணையின் கை இடது மூலையைக் காட்டியது.

மோகன்ராஜ் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் முத்துக்குமாரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பரவாயில்ல தம்பி. விடுங்க."

ஒரு மனிதர் ஆறு சீசன் ஆடியிருக்கிறார். நாங்கள் ஒரு மேட்ச் தவறவில்லை. அவர் விழுந்த இடம் தெரியும், நேரம் தெரியும், வினாடி தெரியும். அவர் பந்தோடு ஓடியது? யாரையாவது தாண்டியது? கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு தடவையாவது பந்தை வைத்துவிட்டு எழுந்து சிரித்தது? பதினோரு பேரும் மூன்று நாளாக மண்டையைக் கசக்கிவிட்டோம். இருட்டு.

ஜுபைலுக்கும் போன் போட்டேன். கேப்டன் இந்தத் தடவை லைனைத் துண்டிக்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்தார். "போட்டிருப்பான் தம்பி... போட்டிருக்கணும்" என்றார்.

ஆகவே உங்களிடம் வருகிறேன். லொறி விழுந்த கட்டுரையை வாசித்துச் சிரித்தவர்களில் பலர் அந்த மேட்சுகளுக்கு நேரில் வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதியிருந்தீர்கள். ஷார்ஜா முன்வரிசை ஆள், தடித்த உடம்பு, இடது முழங்கையில் கறுப்பு பேண்டேஜ், பெயர் மோகன்ராஜ். அவர் போட்ட ஒரே ஒரு ட்ரை யாருக்காவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். எந்த மூலை என்பதை மறக்காமல் எழுதுங்கள், அவர் கேட்பார். மாதக் கடைசியில் ஃப்ளைட்.

அவர் விழுந்ததைப் பற்றி யாரும் எழுத வேண்டாம். அது எங்களிடம் முழுசாக இருக்கிறது.